சுருக்கம் விழுந்த ஈயக் குண்டு!

1

"ஆ...ஆ...ஆ...!"

அந்த அலறலில் தொண்டாமுத்தூர் தென்னந்தோப்பில் இருந்த அத்தனை மயில்களும் பதறிப் பறந்தன.

அலறியவள் சாய்ப்ரியா. கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த பியூட்டிஷியன். செல்போனுக்கு சிக்னல் தேடித் தோப்புக்குள் போனவளுக்கு சிக்னல் கிடைக்கவில்லை. ஒரு பிணம் கிடைத்தது!

மல்லாந்து கிடந்தது. வெள்ளைச் சட்டை. இடது தோள் முழுக்க ரத்தம்.

வீட்டுக்குள் ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய நிலையில் காத்திருந்த கல்யாணப் பெண் ஜெனிதா, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

பார்த்தாள்... அதிர்ந்தாள்!

"ஐயோ... லட்சுமணசாமி மாமாங்க!"

"செ... செத்துட்டாருங்களாக்கா?" சாய்ப்ரியாவின் பற்கள் தந்தி அடித்தன.

ஜெனிதா குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்தாள்.

"மூச்சு இருக்குது! நூத்தியெட்டுக்குப் போன் அடிங்க!"

"சிக்னல் இல்லீங்களேக்கா..."

"அப்பறம் எதுக்கு இங்கியே நின்னுட்டு இருக்கறீங்க? ஓடுங்க!"

ஓடினாள்.

ஜெனிதா நன்றாக உற்றுப் பார்த்தாள். லட்சுமணசாமியின் இடது காது மடலில் கீழ்ப்பாதியைக் காணவில்லை. யாரோ சுட்ட குண்டு அதைக் கிள்ளிக்கொண்டு போயிருந்தது. அதிர்ச்சியில் பின்னால் சாய்ந்தவர், தென்னையின் தூரில் மண்டையை இடித்துக்கொண்டு நினைவு தப்பிக் கிடந்தார்.

மணி ஆறே முக்கால். பதினோரு மணிக்கு சர்ச்சில் கல்யாணம்.

2

இன்ஸ்பெக்டர் தமிழ்ச்செல்வன் துப்பாக்கிக் குழலை மூக்குக்கு நேரே வைத்து முகர்ந்தார்.

"வெடிமருந்து வாசம் ஜம்முனு அடிக்குதுங்களே! காலைல சுட்டீங்களா?"

"சுட்டனுங்க," என்றார் இன்னாசிமுத்து.

ஜெனிதாவின் அப்பா. பட்டு வேட்டி, புதுச் சட்டை. சட்டையில் கரிப்புகை அப்பியிருந்தது. மனிதருக்குத் தென்னை வைக்கத் தெரியும், வாழை வைக்கத் தெரியும். பொய் சொல்ல மட்டும் தெரியாது. ஜெனிதாவுக்கு இப்போது அதுதான் பெரிய தலைவலி.

"வாழைக்குள்ள பன்னி பூந்துருச்சுங்க. சத்தத்துக்கு வெடிச்சேன். வெறும் மருந்துதானுங்க. குண்டு போடலீங்க."

"போடலைன்னு நிரூபிக்க முடியுமுங்களா?"

"போடாத குண்ட எங்கீங்க போயிக் காட்டறது?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

"சரிங்க... நேத்து சாயங்காலம் பந்தல்ல என்னமோ சண்டைன்னு சொல்றாங்களே?"

சண்டைக்குக் காரணம், 'கொங்கு கரிமருந்துத் துப்பாக்கி நண்பர்கள் சங்கம்'. மொத்தம் பதினான்கு உறுப்பினர்கள். பதினான்கு பேருக்கும் லைசென்ஸ் உண்டு. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் இடித்துச் சுடுகிற பழங்காலத் துப்பாக்கி. அதற்குக் கடையில் குண்டு கிடைக்காது. ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, அவரவர் குண்டை அவரவரேதான் வார்த்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக்கு ஓர் அச்சு. ஒருத்தர் குண்டு இன்னொருத்தர் குழலுக்குச் சேராது.

வருடத்துக்கு ஒருமுறை, யார் வார்த்த குண்டு அப்பழுக்கில்லாத உருண்டை என்று ஒரு போட்டி. உறுப்பினர்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு எப்படியும் வருகிறார்களே என்று, இந்த வருடம் போட்டியைக் கல்யாணப் பந்தலிலேயே வைத்துவிட்டார்கள். நடுவர் லட்சுமணசாமி. உலோகவியல் புரொபசராக இருந்து ரிட்டையர் ஆனவர். பாக்கெட்டில் நூலளவு வித்தியாசத்தையும் காட்டும் வெர்னியர் காலிப்பர் இல்லாமல் பல் விளக்கக்கூடப் போகாத மனிதர்.

பதினான்கு குண்டுகளையும் அளந்தார். பதினான்கையும் ரிஜெக்ட் செய்தார்!

"ரிஜெக்ட்டுன்னு சொன்னதுக்கு நீங்க என்னங்க சொன்னீங்க?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பொழுது விடியட்டும், உன்னையச் சுட்டுப்போடறேன்னு சொன்னனுங்க."

"அப்பா...!"

"சொன்னதச் சொல்லாம எப்புடி கண்ணு?"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "பாருங்க அம்மணி, குண்டு கிடைச்சா அளந்து பாத்து யாரோட அச்சுன்னு சொல்லிரலாம். நாப்பது தென்னையையும் தடவிப் பாத்தாச்சு. குண்டக் காணோம். அடிபட்டவருக்கு இன்னும் நெனவு திரும்பல. மெரட்டுனது இவரு, சுட்டது இவரு. பத்து மணிக்கு டி.எஸ்.பி. வாராரு. நான் இவரக் கூட்டிட்டுத்தான் போகோணும்."

"பதினோரு மணிக்கு எங்கப்பாதானுங்க சார் என்ற கையப் புடிச்சுப் பீடத்துக்குக் கூட்டிட்டுப் போகோணும்!"

"வேற யாராச்சும் சித்தப்பா, மாமா..."

"யாரும் வேண்டாமுங்க!"

ஆறு வயதில் அம்மாவை இழந்தவள் அவள். ரெட்டை ஜடை போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது அப்பா. ஒரு ஜடை மேலேயும் ஒரு ஜடை கீழேயுமாகத்தான் இருக்கும், ஆனாலும் தினமும் போட்டார். அந்தக் கையைப் பிடிக்காமல் கல்யாணமா?

அந்த நேரம் பார்த்து வீட்டு லேண்ட்லைன் மணி அடித்தது. மாப்பிள்ளை ஜேக்!

"ஜெனி... போலீசாமே? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. சின்னதா ஒரு கொலை முயற்சி. பத்தரைக்குள்ள முடிச்சுப்போட்டு வாரேன்!"

3

மோட்டார் ரூமுக்குப் பின்னால்தான் அவள் அதைப் பார்த்தாள்.

புல்லில் ஒரு துணித் துண்டு. நடுவில் கருகிப்போயிருந்தது.

"சார்... இங்க வாங்க!"

இன்ஸ்பெக்டர் வந்தார். "கந்தத் துணி. அதுக்கென்னங்க?"

"துணியச் சுத்தித்தானுங்க குண்டக் குழலுக்குள்ள எறக்குவாங்க. அப்பத்தான் குழலுக்குள்ள ஆடாம நிக்கும். சுட்டதும் குண்டு போயிரும், துணி பக்கத்துலயே உழுந்துரும். சுட்டவன் இங்கதான் நின்னிருக்கான். அப்பா நின்னது வாழைத்தோட்டத்துல, அக்கட்டால!"

"ஓ..."

"எங்கப்பா பழைய லுங்கியப் பல்லுல கடிச்சுக் கிழிச்சு வெப்பாரு. இதப் பாருங்க. காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி வட்டம்! இவ்வளவு ரவுண்டா வெட்டற ஆளு சங்கத்துல ஒருத்தருதான் இருக்காரு."

"யாருங்க?"

"எங்க மொதலாளி. சீனிவாசலு சார்."

கோயமுத்தூர் கணபதியில் பம்புக்கு இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருக்கும் சீனிவாசலு. ஜெனிதா அங்கேதான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கேன்டீன் வடை ஒரு பக்கம் சப்பையாக இருந்தால் திருப்பி அனுப்புகிற மனிதர். நேற்று அவர் குண்டையும் ரிஜெக்ட் செய்தபோது எல்லோரும் கத்தினார்கள். அவர் மட்டும் கத்தவில்லை. புன்னகைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "துணிய வட்டமா வெட்டுனாருன்னு கைது பண்ண முடியாதுங்க அம்மணி. அப்பறம் ஊர்ல இருக்கற டைலர் அத்தனை பேரையும் உள்ள தள்ளோணும்."

வாசலில் கார் ஹாரன்!

சீனிவாசலு இறங்கினார். சந்தன நிறச் சட்டை. வகிடு ஸ்கேல் வைத்து எடுத்தது போல இருந்தது. டிரைவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்க அம்மணி, கல்யாணப் பொண்ணு தோப்புக்குள்ள என்ன பண்றீங்க? வெட் கிரைண்டருங்க. நம்ம ஃபவுண்டரிலயே செஞ்சது. அச்சச்சோ... போலீசு எதுக்குங்க?"

"லட்சுமணசாமி மாமாவ யாரோ சுட்டுப்போட்டாங்க சார்."

"ஐயய்யோ! எந்தக் காதுலீங்க?"

இன்ஸ்பெக்டர் சட்டென்று திரும்பினார்.

"காதுன்னு நான் சொல்லவே இல்லீங்களே சார்," என்றாள் ஜெனிதா.

சீனிவாசலு கண் இமைக்கவில்லை. "வாசல்ல சமையல்காரரு சொன்னாருங்க."

சமையல்காரரும் உண்மையிலேயே சொல்லித்தான் இருந்தார். அந்த வழி அடைபட்டது. மணி எட்டரை.

ஜெனிதா இன்ஸ்பெக்டரைத் தனியே இழுத்துப்போய்க் காதில் கிசுகிசுத்தாள். அவர் முகம் முதலில் சுருங்கியது. பிறகு விரிந்தது. கடைசியில் சந்தேகமாக நின்றது.

"இது நடக்குமுங்களா?"

"அஞ்சு வருசமா அவருகிட்ட வேலை பாக்கறனுங்க சார். கண்டிப்பா நடக்கும்!"

"நடக்கலைன்னா?"

"எங்கப்பாவ நீங்க கூட்டிட்டுப் போங்க. பிரியாணி பார்சல் நானே கட்டித் தாரேன்."

"மட்டனுங்களா?"

"மட்டனுங்க."

"ஒரு மணி நேரம் டைம்!" என்றார் தமிழ்ச்செல்வன்.

4

கொல்லைப்புறம். விறகடுப்பு. அதன் மேல் இரும்புச் சட்டி.

கல்யாணச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மருதாணிக் கையால் ஜெனிதா பழைய ஈயக் குழாய்த் துண்டுகளைச் சட்டியில் போட்டாள். முதலில் அவை சும்மா கிடந்தன. பிறகு ஒரு துண்டு தளர்ந்து உட்கார்ந்தது. சிறிது நேரத்தில் சட்டிக்குள் பளபளவென்று ஒரு சின்னக் குளம் தயாராகிவிட்டது.

"அக்கா, இன்னொரு கண்ணு..." மை டப்பாவோடு சாய்ப்ரியா. மறு கையில் தண்ணீர் தெளித்த மல்லிகைச் சரம், சொட்டுச் சொட்டாக...

"கிட்ட வராதீங்க!" ஜெனிதா அலறினாள். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போச்சுன்னா ஈயம் வெடிச்சு மூஞ்சிலயே தெறிக்கும்!"

சாய்ப்ரியா நின்ற இடத்திலிருந்து நாலடி பின்னால் குதித்தாள். "மூஞ்சியா! இப்பத்தானுங்கக்கா ரெண்டு மணி நேரம் மேக்கப் போட்டேன்!"

மாதா சுரூபத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை ஜெனிதா சட்டிக்குள் போட்டாள். குப்பென்று தீ! புகை! அடியிலிருந்த அழுக்கெல்லாம் மேலே மிதந்து வர, கரண்டியால் வழித்து எறிந்தாள்.

சந்தேக ஆசாமியாகக் கட்டிலில் உட்கார வைக்கப்பட்டிருந்த இன்னாசிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கண்ணு, அச்சச் சூடு பண்ணிக்க. பச்சை அச்சுல ஊத்துனா குண்டுல சுருக்கம் உழுந்துரும். மொதப் பத்துக் குண்டத் திருப்பிச் சட்டிலயே போட்டுரோணும். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கறேன்?"

"தெரியுமுங்கப்பா."

குறடு போலிருந்த அப்பாவின் அச்சை எடுத்தாள். வேண்டுமென்றே கிணற்றடி நிழலில் போட்டு ஆற வைத்திருந்த அச்சு. கரண்டியில் ஈயத்தை அள்ளி, கையை ஆட்டி ஆட்டி, பாதி ஊற்றி, நிறுத்தி, மீதியை ஊற்றினாள்.

இன்னாசிமுத்து கண்களை மூடிக்கொண்டார். "யேசுவே... என்ற பொண்ணா இப்புடி ஊத்தறா?"

அச்சைப் பிரித்தாள். குண்டு பொத்தென்று விழுந்தது.

உருண்டை என்று அதைச் சொல்ல மனசு வராது. உடம்பெல்லாம் சுருக்கம். இடுப்பில் ஒரு வரப்பு. தலையில் வால் மாதிரி ஒரு கொம்பு.

ஜெனிதா அதைப் பெருமையோடு பார்த்தாள்.

"பிரமாதம்!" என்றாள்.

5

பந்தலில் சங்கத்து உறுப்பினர்கள் கூடியிருந்தார்கள். முன் நாற்காலியில் சீனிவாசலு. மணி ஒன்பதரை.

"குண்டு கிடைச்சுருச்சுங்க!" இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். "இன்னாசிமுத்து அச்சுக்கு அப்படியே சேருது. கேஸ் முடிஞ்சுது!"

சீனிவாசலு கண்ணாடியை மூக்கில் இறக்கி எட்டிப் பார்த்தார். பார்த்தவரின் முகம் கோணியது. கண்ணாடியை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டார்.

"என்ன ஒரு வார்ப்புங்க!" இன்ஸ்பெக்டர் தொடர்ந்தார். "அறுபது அடி தூரம்... காது மடல மட்டும் கத்திரிச்ச மாதிரி எடுத்துருக்குது. இப்படி ஒரு குண்ட நான் பாத்ததே இல்லீங்க."

"எங்கப்பா கை அப்புடீங்க," என்றாள் ஜெனிதா.

சீனிவாசலுவின் இடது கன்னம் ஒருமுறை துடித்தது. அப்போதும் பேசவில்லை. கெட்டிக்காரர்!

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். "ஒரு சின்ன உதவிங்க. குண்டப் பத்தி நிபுணர் சர்ட்டிபிகேட் ஒண்ணு வேணும். இந்த ஏரியாவுல உங்கள விட்டா யாருங்க? படிச்சுப் பாத்து ஒரு கையெழுத்து."

சீனிவாசலு வாங்கிப் படித்தார்.

'இந்தக் குண்டை நேரில் பரிசோதித்தேன். உருண்டை சரியாக உள்ளது. வார்ப்பில் குறை ஏதும் இல்லை. நேராகப் பறக்கும். தரம்: ஓகே.'

பேனாவைத் திறந்தார். தாளில் வைத்தார்.

ஒரு கையெழுத்து! போட்டால் இன்னாசிமுத்து உள்ளே, சீனிவாசலு வெளியே. ஜெனிதாவின் கண்கள் அந்தப் பேனா முனையிலேயே நின்றன. போட்டுவிட்டால்...? கர்த்தரே, போட்டுவிட்டால்?

பேனா அசையவில்லை.

சீனிவாசலுவின் நெற்றியில் வியர்வை. பேனா மெல்ல நகர்ந்தது. 'சீ' என்ற எழுத்தின் முதல் வளைவு வரை வந்தது. அங்கேயே நின்றது.

"என்னங்க சார், பேனா எழுதலீங்களா?"

"முடியாதுங்க!"

நாற்காலி பின்னால் போய் விழ, சீனிவாசலு எழுந்து நின்றார்!

"நாப்பது வருசம்! நாப்பது வருசத்துல ஒரு ரிஜெக்ட் பீசுக்கு நான் ஓகேன்னு கையெழுத்துப் போட்டதில்லீங்க! இதெல்லாம் ஒரு குண்டா? பச்சை அச்சுல ஊத்தியிருக்குது! ரெண்டு தடவையா ஊத்தியிருக்குது! வால்கூட வெட்டல! இது அறுபது அடி போகுமா? ஆறடி போகாதுங்க! போனாலும் காதுல படாது, பக்கத்து ஊர்லதான் படும்!"

"ஆனா காதுல பட்டிருக்குதுங்களே?" இன்ஸ்பெக்டர் அப்பாவியாகக் கேட்டார்.

"அது என்ற குண்டுங்க!"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"அவரு பன்னிக்கு வெடிச்ச சத்தத்தோட சத்தமாச் சுட்டேன். நான் குறி வெச்சதே காதுக்குத்தான்! மூணு வருசமா ரிஜெக்ட்! ‘ஒருக்கா திருப்பி அளந்து பாருங்க’ன்னு கெஞ்சுனேன். காதுலயே போட்டுக்கல. போட்டுக்காத காது எதுக்குங்க? சந்தேகமா இருந்தா மோட்டார் ரூமுக்கு நேரா இருக்கற பலாமரத்துல போயிப் பாருங்க. அடிப் பழம். காம்புல இருந்து நாலு விரல் கீழ. பட்ட எடத்துல பால் வடிஞ்சு மூடியிருக்கும். எடுத்துப் பாருங்க, அப்பத் தெரியும் வார்ப்புன்னா என்னன்னு!"

மூச்சு வாங்க நின்றார். அப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

மெதுவாக உட்கார்ந்தார். நாற்காலி அங்கே இல்லை. பொத்!

"தென்னைய மட்டும் தேடுனோம்," என்று முணுமுணுத்தார் இன்ஸ்பெக்டர். "பலாப்பழத்த யாருங்க தடவிப் பாப்பாங்க?"

ஒரு கான்ஸ்டபிள் அரிவாளோடு ஓடினார். பத்தே நிமிடத்தில் பிசுபிசுவென்று குண்டு வந்தது. சுண்டைக்காய் அளவு. இன்னாசிமுத்துவின் அச்சில் வைத்தால் கலகலவென்று ஆடியது. சீனிவாசலுவின் காரில், சீட்டுக்கு அடியில், துப்பாக்கியும் அச்சும் கிடைத்தன. அந்த அச்சில் அது கச்சிதமாக உட்கார்ந்தது.

"அப்ப இந்தச் சுருக்கம் உழுந்த குண்டு யாருதுங்க?" தரையிலிருந்தே கேட்டார் சீனிவாசலு.

"நான் வார்த்ததுங்க சார்," என்றாள் ஜெனிதா. "உங்க ஃபவுண்டரியில எதெல்லாம் செய்யக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்களோ... அத்தனையும் செஞ்சேன்."

இன்னாசிமுத்து பாய்ந்து வந்து மகளைக் கட்டிக்கொண்டார். அழுதார். அழுகையினூடே அவள் காதில், "இருந்தாலும் வாலையாவது வெட்டியிருக்கலாம் கண்ணு," என்றார்.

6

மணி பத்து இருபது. வாசலில் ஆம்புலன்ஸ்!

லட்சுமணசாமி இறங்கினார். தலையைச் சுற்றிக் கட்டு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பந்தி ஆரம்பிச்சுட்டாங்களா?" என்பதாம். பிடித்து வைக்க யாராலும் முடியவில்லை.

விலங்கு மாட்டிய கைகளைக் கூப்பியபடி சீனிவாசலு அவர் முன்னால் ஓடிப்போய் நின்றார்.

"புரொபசர்... நான்தானுங்க சுட்டேன். என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன். அந்தக் குண்ட மட்டும் ஒருக்கா அளந்து பாத்துருங்க!"

லட்சுமணசாமி குண்டைக் கையில் வாங்கினார். பாக்கெட்டிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். பலாப் பிசினை வேட்டி நுனியில் துடைத்தார். இந்தப் பக்கம் அளந்தார். திருப்பி அந்தப் பக்கம் அளந்தார்.

பந்தல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பலாக்கொட்டையில பட்டு ஒரு பக்கம் சப்பையாயிருச்சுங்க," என்றார். "ரிஜெக்ட்!"

"ஐயோ...!"

கொலை முயற்சிக் கேசுக்குக் கலங்காத சீனிவாசலு, அப்போதுதான் விசும்பி விசும்பி அழுதார். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

சாய்ப்ரியா ஓட்டமாக ஓடி வந்து ஜெனிதாவின் இன்னொரு கண்ணுக்கும் மை தீட்டி முடித்தாள். இன்னாசிமுத்து கரிப்புகைச் சட்டையோடே கையை நீட்டினார். அந்தக் கையை ஜெனிதா இறுகப் பற்றிக்கொண்டாள். மனசு நிறைந்திருந்தது.

ஜீப் நகர்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அம்மணி... அந்தக் கிரைண்டருக்குப் பத்து வருசம் வாரண்டிங்க!"

பிரியாணிப் பார்சலை மடியில் பத்திரமாக வைத்திருந்த தமிழ்ச்செல்வன், முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"கவலைய உடுங்க. வாரண்டி முடியறதுக்கும் நீங்க வெளிய வாரதுக்கும் சரியா இருக்கும். நேர்ல வந்து நீங்களே சர்வீஸ் பண்ணிக் குடுத்துருங்க!"